குற்றம் யாருடையது: வயிறா, உயிரா?

பசியைப் பற்றித் தமிழில் எழுந்த பாடல்களுள் இரண்டு, ஒன்றையொன்று எதிர்த்து வழக்காடுகின்றன. முதலாவது ஔவையாரின் 'நல்வழி'யில் உள்ள ஒரு வெண்பா. அதில் ஔவையார் தம் வயிற்றைக் கூண்டில் ஏற்றிக் குற்றம் சாட்டுகிறார். ஒருநாள் சும்மா இரு என்றால் அது இருப்பதில்லை. கிடைத்த அன்று இரண்டு நாளைக்கும் சேர்த்து வாங்கிக்கொள் என்றாலும் கேட்பதில்லை. இதனோடு எப்படிக் காலந்தள்ளுவது என்பது அவருடைய முறையீடு.

இரண்டாவது வெண்பா திருவண்ணாமலையில் பிறந்தது. 1931ஆம் ஆண்டு சித்ரா பௌர்ணமியன்று ரமணாசிரமத்தில் பலமான விருந்து. உண்டு முடித்தவர்கள் வயிற்றுச் சங்கடத்தால் முனகிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த ஒருவர் ஔவையின் பாட்டை எடுத்துச் சொன்னார். அதைக் கேட்ட ரமண மகரிஷி, அதே பாட்டைத் திருப்பிப் போட்டு வேறொரு வெண்பா செய்தார். இதில் வயிறுதான் வாதி, குற்றவாளி உயிர். ஒரு நாழிகைகூட எனக்கு ஓய்வு தராமல் தின்றுகொண்டே இருக்கிறாயே, என் வேதனையை நீ அறிவதில்லையே என்று வயிறு அழுகிறது.

அறிவியல் இதழில் வெண்பாவுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உடல் பருத்த ஒருவரைப் பார்த்து நாம் சொல்லும் வார்த்தைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். "வயிறு பெரிது" என்போம். அது ஔவை தரப்பு. "நாக்கை அடக்கத் தெரியவில்லை" என்போம். அது ரமணர் தரப்பு என்று நாமே நினைத்துக்கொள்வது. வகுப்பில் பருமனாக இருக்கும் பையன் இந்த இரண்டையும் நாள்தோறும் கேட்கிறான். ஆகவே வழக்கில் யார் சொல்வது மெய் என்று உடலியலைக் கொண்டு விசாரிப்பது வீண் வேலை அன்று.

முதலில் ஔவையின் குற்றச்சாட்டு. வயிறு ஒருநாளும் சும்மா இராது என்பது உண்மைதானா?

1912இல் அமெரிக்காவில் வால்டர் கானன் என்பவரும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் ஒரு சோதனை செய்தார்கள். வாஷ்பர்ன் ஒரு ரப்பர் பலூனை விழுங்கினார். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் பலூன் அழுத்தப்பட்டு அது பதிவாயிற்று; பசிக்கிறது என்று அவர் சொன்ன நேரமும் சுருக்கங்கள் பதிவான நேரமும் ஒத்துப்போயின. ஆகவே பசி என்பது இரைப்பையின் சுருக்கமே என்று கானன் கருதினார். ஔவைக்கு நல்ல சாட்சி. ஆனால் நோயின் காரணமாக இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கும் பசி எடுக்கிறது என்ற செய்தி இந்தச் சாட்சியத்தைப் பலவீனமாக்கிவிட்டது.

1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோர் எலியின் இரைப்பையிலிருந்து 28 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் கிரெலின். இரைப்பையின் சுவரில் ஊறி, குருதியில் கலந்து, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமசை அடைந்து பசியைத் தூண்டுகிறது. ஆக, வயிறு கேட்கத்தான் செய்கிறது. ஆனால் எப்போது கேட்கிறது? நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் வேளை நெருங்கும்போது கிரெலின் உயர்கிறது, உண்டபின் தாழ்கிறது. உண்ணாவிட்டாலும், சிறிது நேரத்தில் அது தானாகவே இறங்கிவிடுகிறது.

பௌர்ணமி இரவில் கிரிவலம் வந்திருந்தால் இதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில் பாதிக்கு மேல் கடந்து, மலையின் பின்புறம் அடி அண்ணாமலையை நெருங்கும்போது வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளை வந்திருக்கும். பசி கிள்ளும். நிற்காமல் நடந்தால் அரைமணி, ஒருமணி கழித்து அந்தப் பசி எங்கே போயிற்று என்றே தெரியாது. கார்த்திகை விரதம் இருக்கும் பாட்டிமார்கள் அனைவரும் அறிந்த சங்கதி இது. வயிறு அடம்பிடிக்கிறது என்பதைவிட, மணி பார்க்கிறது என்று சொல்வதே பொருத்தம். (அந்த நடையில் அறுபது கிலோ எடையுள்ளவர் கூடுதலாகச் செலவிடுவது ஏறக்குறைய நானூறு ஐந்நூறு கிலோகலோரிதான். வழியில் வாங்கித் தின்னும் பலகாரங்கள் அதை எளிதில் ஈடுகட்டிவிடும்.)

இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள்வதில்லை என்ற அடுத்த குற்றச்சாட்டு அதைவிட நொய்ந்தது. இரைப்பை ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கொள்ளும் பை, அது வாங்காதுதான். ஆனால் உடல் வாங்கிவைக்கிறது. ஒருவர் உடம்பில் பத்துக் கிலோ கொழுப்பு இருந்தால் அதில் 90,000 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 2000 என்று வைத்தால் நாற்பத்தைந்து நாள் செலவு! இரண்டு நாளைக்குக் கேட்டவருக்கு ஒன்றரை மாதத்துக் களஞ்சியம் தோலுக்கடியில் இருந்தது. பஞ்சமும் பட்டினியும் பழகிய நாட்டில், நாடோடியாகச் சோறு தேடியவரின் குரலாக அந்தப் பாட்டு ஒலிக்கிறது. அதன் வலி உண்மை. கணக்குதான் தவறு.

இந்தக் களஞ்சியம் வெறும் கிடங்கன்று, அதற்கு வாய் உண்டு என்று கண்டதுதான் இத்துறையின் பெரிய செய்தி. அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வகத்தில் அளவு கடந்து பருத்த ஒரு எலி வகை தோன்றியது. 1950இல் அதைப் பற்றி எழுதினார்கள். பின்னர் டக்ளஸ் கோல்மன் என்பவர் இவ்வகை எலியையும் சாதாரண எலியையும் குருதி கலக்குமாறு பக்கத்தோடு பக்கம் இணைத்தார். பருத்த எலி தின்பதைக் குறைத்தது! சாதாரண எலியின் குருதியிலிருந்து 'போதும்' என்ற சொல் வந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அந்தச் சொல் எது என்பது 1994இல்தான் தெரிந்தது. ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்ட அந்த ஹார்மோனுக்கு, ஒல்லி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயரிட்டார்கள். அது ஊறுவது கொழுப்புத் திசுவில். கொழுப்பு மிகுந்தால் லெப்டின் மிகும். "கையிருப்பு போதும்" என்று மூளை அறியும். கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். மூளை பசியைக் கூட்டும், தைராய்டு முதலிய சுரப்பிகளின் வேகத்தைத் தணித்து, உடலின் செலவையும் சுருக்கும்.

இனி வயிற்றின் எதிர்வழக்கு. ஓய்வில்லை என்ற அதன் புகாரில் உடலியல் நியாயம் நிறையவே உண்டு. நம் சாப்பாடு இரைப்பையைவிட்டு வெளியேற ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிறது. வயிறு காலியான பின்னர், ஒன்றரை இரண்டு மணிக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கோடிவரை ஓர் அலை பெருக்கிக்கொண்டு போகும். மோட்டிலின் என்ற ஹார்மோன் இதற்குத் துணைசெய்கிறது. ஏதாவது வாயில் போட்டவுடன் இந்தப் பெருக்கும் வேலை நின்றுவிடும். ஓயாமல் கொறிப்பவர் வீட்டுக்கு வேலைக்காரம்மா வந்து வந்து திரும்பிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வயிற்றின் வேதனையை உயிர் அறிவதில்லை என்ற அடியைத்தான் கேள்வி கேட்க வேண்டும். இரைப்பை விரிவது நரம்பு வழியே உடனே மூளைக்குத் தெரிகிறது. சிறுகுடலில் உணவு இறங்கியதும் கோலிசிஸ்டோகைனின், ஜி.எல்.பி.-1, பெப்டைட் ஒய்.ஒய். ஆகிய ஹார்மோன்கள் 'நிறுத்து' என்கின்றன. கணையம் இன்சுலினை விடுகிறது. அதுவும் மூளைக்கு ஒரு செய்தி. இவையெல்லாம் சேர்ந்து நிறைவு தோன்ற ஏறக்குறைய இருபது நிமிடம் பிடிக்கும், கிட்டத்தட்ட ஒரு நாழிகை. பாட்டிலும் அதே நாழிகை வருவது தற்செயல்தான். ஆகவே உயிர் அறிகிறது. அறிந்தும், இலையில் பாயசம் இருக்கும்போது மூளையின் இன்பப் பகுதி அந்தச் செய்தியை அமுக்கிவிடுகிறது. விருந்து நாளைப் பொறுத்தவரை ரமணர் பாட்டின் கேலி நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் விருந்து நாளுக்கு மட்டும்தான். இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். தமிழில் ரமணர் விளித்தது 'உயிரே' என்று. ஆங்கில மொழிபெயர்ப்பில் அது அகந்தை என்று பொருள்படும் சொல்லாக மாறியிருக்கிறது. வேதாந்த விளக்கத்துக்கு அது ஏற்றதாக இருக்கலாம். ஆனால் பாட்டு அதனால் குறுகிவிட்டது என்பது என் கருத்து. அகந்தை என்றதும் பழி முழுவதும் மனவுறுதி இல்லாதவன் தலையில் விழுகிறது. உயிர் என்றால் மூளையும் குருதியும் கொழுப்பும், வயிறுங்கூட, அதனுள் அடக்கம். ஒரே உடம்புக்குள் வாதியும் பிரதிவாதியும்!

மனவுறுதியின் மேல் பழிபோடுவது எவ்வளவு அநியாயமாக முடியும் என்பதற்கு 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு செய்தி போதும். பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஒரு குடும்பத்தின் இரு குழந்தைகள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரப் பையனுக்கு இரண்டு வயது, 29 கிலோ. இருவரும் எந்நேரமும் பசி பசி என்றே துடித்தார்கள். பரிசோதித்தபோது, ஒரு மரபணுக் கோளாற்றால் அவர்கள் உடம்பில் லெப்டின் அறவே இல்லை. கொழுப்பு மலைபோல் இருந்தும், மூளை அறிந்தது பட்டினியை மட்டுமே. பின்னர் லெப்டினை ஊசிமூலம் கொடுத்ததும் சிறுமியின் பசி அடங்கியது, எடையும் இறங்கியது. அவளுக்கு எந்த உபதேசம் பயன்பட்டிருக்கும்?

இப்படிப்பட்டவர்கள் மிகமிக அரிது. பருத்தவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவில்லை, மிகுதி. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அதனால் லெப்டின் ஊசி எல்லார்க்கும் மருந்தாகும் என்ற ஆசை நிறைவேறவில்லை. பட்டினி கிடந்து இளைத்தவர்கள் நிலையும் எளிதன்று. ஆஸ்திரேலியாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், பத்து வாரம் கடுமையாக உணவைக் குறைத்து எடை இழந்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். அப்போதும் அவர்களுடைய கிரெலின் முன்னைவிட உயர்ந்தும் லெப்டின் தாழ்ந்தும் இருந்தன. உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. "இளைத்தான், மறுபடி ஊதிவிட்டான்" என்று நகைக்கிறோமே, அவன் ஓராண்டுக் காலம் பசியோடு மல்லுக்கட்டியதை யார் பார்த்தது?

நம் நாட்டவர்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் அங்குப் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5. தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு! வளர்ந்தபின் அது வயிற்றைச் சுற்றிச் சேரும்போது இன்சுலின் தன் வேலையைச் செய்ய முடியாமல் திணறுகிறது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைத்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி என்று 2023இல் மதிப்பிட்டது. இவர்களில் பார்வைக்கு ஒல்லியானவர்களும் உண்டு. ஆளைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லும் நம் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

இப்போது ஜி.எல்.பி.-1ஐப் போலச் செயல்படும் ஊசிகள் வந்துவிட்டன. நம் குடலில் ஊறும் ஜி.எல்.பி.-1 இரண்டொரு நிமிடத்தில் சிதைந்துவிடும். செமாகுளுடைடு என்ற மருந்தோ ஒரு வாரம் நிற்கும்படி அமைக்கப்பட்டது. 2021இல் வெளியான சோதனையில், அதைப் போட்டுக்கொண்டவர்களின் எடை 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. எடைக் குறைப்புக்கான அதன் வடிவம் 2025இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. குமட்டல், வாந்தி முதலிய தொல்லைகள் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே போட வேண்டியது. போட்டுக்கொண்ட பலர், ஓயாது கேட்டுக்கொண்டிருந்த உணவு நினைப்பு அடங்கிவிட்டது என்கிறார்கள். அவர்கள் மனவுறுதி ஒரு வாரத்தில் கூடிவிடவில்லை. குருதியில் ஒரு செய்தி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சோதனை முடிந்து ஊசியை நிறுத்தியவர்களுக்கு, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்தது.