மருட்கையும் இளிவரலும்: மலையகத்திலிருந்து இரு சாகசப் படங்கள்

திரைப்படத்தைத் திறனாயப் புகுவோர், சிறுவரும் பெரியோரும் ஒருங்கிருந்து காணும் சாகசக் கதைப் படங்களைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. 'பொழுதுபோக்குப் படம்' என்று ஒரு சொல்லிற் கூறிவிட்டு அப்பாற் சென்றுவிடுவர். பொழுது போயிற்றா என்பதே அத்தகைய படத்துக்குரிய ஒரே அளவுகோல் என்பது அவர்தம் எண்ணம் போலும். யாருடைய பொழுது, எவ்வாறு போயிற்று என வினவத் தொடங்கினால் விடை அத்துணை எளிதாக அமைவதில்லை.

இவ்வினாவை மலைநாட்டோடு தொடர்புடைய இரு படங்களைக் கொண்டு ஆராயலாம். ஒன்று, பி. ஆர். பந்துலு இயக்கி 1965 இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்'. அதன் நாயகர் எம். ஜி. இராமச்சந்திரன் 1917 இல் நாவலப்பிட்டியிற் பிறந்தவர். மற்றையது, ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒவ் டூம்' (1984). அதன் கதை 1935 இல் வட இந்தியாவில் நிகழ்வது. கதையில் மாற்றங்கள் வேண்டுமென இந்திய அரசு கோரியமையாற் படக்குழுவினர் 1983 இற் கண்டிக்கு வந்தனர். பேராதனை வளாகத்தில் நிற்போர் நாளும் காணும் ஹந்தானை மலைப் பக்கத்திலேதான் அப்படத்தின் வறண்ட கிராமம் எழுந்தது. தொங்குபாலம் அறுந்து விழும் காட்சி, அந்நாளிற் கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கு அண்மையிற் படமாயிற்று. நாவலப்பிட்டியைக் கடந்து வரும் அதே மகாவலியை மறித்தே அவ்வணை எழுந்தது.

இரு படங்களும் அடிமை உழைப்பைப் பற்றியன. முன்னதில், கிளர்ச்சியாளருக்கு மருத்துவம் செய்த மணிமாறன், அவர்களோடு கன்னித்தீவுக்கு அடிமையாக விற்கப்படுகிறான். பின்னதில், ஒரு கிராமத்தின் புனிதக் கல்லும் அதன் பிள்ளைகளும் கவரப்படுகின்றனர். பிள்ளைகள் அரண்மனையின் அடியிலுள்ள சுரங்கத்தில் விலங்கோடு கல் சுமக்கின்றனர். பெரட்டுக்கும் அரைப்பேருக்கும் பழகிப்போன ஒரு சமூகத்தின் முன் இவ்விரண்டையும் திரையிட்டால் அவை வெறுங்கதைகளாகத் தோன்றா.

பின்னைய படத்தை நான் முதன்முதலிற் கண்டது அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில். உறவினர் சிலர் பணம் சேர்த்து வீடியோ டெக் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தனர். லயத்து வாசலிற் பெட்டியை வைத்து, கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஏறத்தாழ நாற்பது பேர் அமர்ந்திருந்தோம். வட இந்தியக் கிராமத்தார் எனப்பட்டோர் வாய்திறந்ததும் சிங்களம் ஒலிக்கவே பெருஞ்சிரிப்பு எழுந்தது. ஆயினும் ஊர்ப் பெரியவராகத் தோன்றிய டி. ஆர். நாணயக்கார பேசத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிற்று. ஆங்கிலம் அறியாத அக்கலைஞர் வசனத்தைப் பிறர் சொல்லக் கேட்டு ஒலியாகவே திருப்பிச் சொன்னார் என்பர். பிள்ளைகளை இழந்த ஊரின் துயரம் முழுவதும் அவர் கைகளிலேயே தெரிந்தது. படத்தில் என்னை மிகவும் கவர்ந்த நடிப்பு அதுவே.

அடுத்து அரண்மனை விருந்து வந்தது. உயிருள்ள பாம்புக் குட்டிகளும் வண்டுகளும் குரங்கின் மூளையும் இந்தியர் உண்ணும் உணவாகப் பரிமாறப்பட்டன. சிறுவர் அருவருத்துக் கூவிச் சிரித்தனர். என்னருகே இருந்த முதிய அம்மையார் ஒருவர், கொழுந்து பறித்தே ஓய்ந்தவர், "இது எந்த ஊருச் சாப்பாடு தம்பி?" என்று கேட்டார். நான் வாய்திறக்குமுன் ஒரு சிறுவன், "இந்தியாவுல பாட்டி, ஒங்க அப்பா ஊரு" என்றான். மறுபடியும் சிரிப்பு. அவரும் சிரித்தார், சற்றுநேரத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் மருட்கையையும் இளிவரலையும் வெவ்வேறாக வைத்தார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன மருட்கையின் நிலைக்களன்கள். சுரங்கத்தில் இருப்புப்பாதை வண்டிகள் ஒன்றையொன்று துரத்தும் பகுதி புதுமையால் எழுந்த தூய மருட்கை. காட்சி விந்தைக்காக 1985 இல் அப்படத்துக்கு ஒஸ்கார் விருது கிடைத்தமை முற்றும் தகும். விருந்துக் காட்சியோ வியப்பை விளைவிப்பதாகப் பாவனை செய்து இளிவரலையே விளைவிக்கிறது. அதுவும் ஒரு மக்கட் கூட்டத்தின் மீது. ஏனையோர்க்கு அது வேடிக்கை. அக்கூட்டத்தின் வழிவந்த பிள்ளைகளுக்கு அது தம் பாட்டியைப் பார்த்துச் சிரிக்கும் பயிற்சி.

அமெரிக்கப் பெற்றோரும் இப்படத்தைக் குறைகூறவே செய்தனர். உயிரோடிருப்பவனின் இதயத்தைப் பிடுங்கும் காட்சி போன்றவற்றால் எழுந்த முறைப்பாடுகளை அடுத்து, பதின்மூன்று வயதை எல்லையாகக் கொண்ட புதிய தரவகை 1984 இலேயே அங்கு வகுக்கப்பட்டது. அவர்கள் அளந்தது அச்சத்தை. அச்சம் சிறுவர்க்கு ஆகாது என்பதில் எனக்கு அத்துணை உடன்பாடில்லை. மாசியிற் காமன் கூத்து நிகழும்போது தகப்பன் தோளிலிருந்தபடி காமன் எரிவதைக் கண்டு அஞ்சாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? அடுத்த ஆண்டும் அப்பிள்ளை முன்வரிசையில் நிற்கும். இளிவரலுக்கோ எந்தத் தரவகையும் இன்றி அப்படம் நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

'ஆயிரத்தில் ஒருவன்' குறையற்றது என்பதன்று. அடிமைகளின் கதை நாயகனின் பெருமிதக் கதையாகச் சுருங்குகிறது. கடற்கொள்ளையர் பகுதி நீளுகிறது. மணிமாறனும் உழைப்பாளியல்லன், மருத்துவன். ஆயினும் அவன் அவர்களோடு விற்கப்பட்டவன். அங்கே அடிமைகளுக்கு முகம் உண்டு. நாகேஷின் வாயிலாக நகைச்சுவையும் உண்டு. ஸ்பீல்பேர்க்கின் சுரங்கப் பிள்ளைகளுள் நினைவில் நிற்கும் ஒருவனைத் தேடினும் கிடையான். அவர்கள் மீட்கப்படவே படைக்கப்பட்டவர்கள். இறுதியில் துப்பாக்கியோடு வந்து ஜோன்ஸைக் காப்பதும் பிரித்தானியப் படை. துரைமாரின் பங்களாவுக்குக் கீழே அமர்ந்து அதற்குக் கைதட்டினோம், நானும் தட்டினேன். காட்சியமைப்பின் ஆற்றல் அத்தகையது.

எனவே இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்போர்க்கு என் விடை இது: பந்துலுவின் படத்தை அரைமணி நேரம் குறைத்துக் காட்டுக. ஸ்பீல்பேர்க்கின் படத்தைப் பத்து வயதுக்கு மேற்பட்டோர்க்கு முழுமையாகவே காட்டுக. விருந்துக் காட்சி வரும்போது படத்தை நிறுத்தி, அந்த முதிய அம்மையாரைப் போன்ற ஒருவர் தம் தகப்பனின் ஊரில் என்ன சமைத்தார்கள் என்று சொல்லக் கேட்டபின் மீண்டும் தொடங்குக.