வெடிக்காத கதை

சிவகாசியை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தால் ஒரு சிக்கல். மூணாவது பக்கத்திலேயே வெடித்துவிடும்!

நானும் எழுதிப் பார்த்தேன். பட்டாசு ஆலை, விபத்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாய். நாலு தடவை கிழித்துப் போட்டேன். எழுதியது பொய்யில்லை. 2012-ல் முதலிப்பட்டியில் மட்டும் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால், என் கதையில் அந்தத் தாய்க்குப் பெயரே இல்லை. முதல் நாள் அவள் என்ன சமைத்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் ச.தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையைத் திரும்ப எடுத்தேன். அதே கரிசல், அதே வெயில். எதுவும் வெடிக்கவில்லை. கல்யாணமான மாரி, தான் ஆசைப்பட்ட மச்சானைப் பார்க்க வேகாத வெயிலில் வருகிறாள். அழுகிறாள். தனக்குக் கிடைக்கவில்லையே என்றல்ல... அவன் நல்லா இல்லையே என்று! 2008-ல் இயக்குநர் சசி ‘பூ’ என்று படமாக்கியது இதைத்தான். படத்து மாரி பட்டாசு வேலைக்குப் போகிறவள். ஆனாலும் நம் மனசில் நிற்பது மருந்து நெடியல்ல, அவள் பிரியம்.

தமிழ்ச்செல்வன் மீது எனக்கொரு கோபம் உண்டு. தபால் துறை, அறிவொளி இயக்கம் என்று ஓடியவர், கதைகளைக் குறைவாகத்தான் எழுதினார்.

பி.காம். புத்தி கணக்குப் பார்க்கிறது. செலவு: நாலு தடவை கிழித்த காகிதம். வரவு: ஒரு கேள்வி. சாவதற்கு மட்டும்தானா இந்த ஜனங்கள் கதைக்குள் வர வேண்டும்?

அஞ்சாவது தடவையாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தாய்க்குப் பெயர் வைத்தாச்சு சார்!