வாழைக்குருத்தின் முன்னால்

மதுரையில் கண்ணகியைப் பேச எழுகிறவர்கள் எல்லோரும் நேரே அரண்மனை வாசலுக்கு ஓடிவிடுவார்கள். சிலம்பை உடைத்தாள், ஊரை எரித்தாள் என்றால்தான் பட்டிமன்றத்தில் கைதட்டல் விழும். என் மனம் நிற்பதோ கோட்டைக்கு வெளியே, இடைக்குல மூதாட்டி மாதரியின் வீட்டு அடுக்களையில். கடச்சனேந்தல்தான் அந்த ஆயர்சேரி என்பார்கள் எங்கள் பக்கத்தில். இருக்கட்டும். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் இளங்கோ அந்தச் சமையலை எழுதியிருக்கும் அழகைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், வாருங்கள்.

மாதரி கொண்டுவந்து வைத்ததில் வெள்ளரி இருக்கிறது, பச்சை மாதுளங்காய் இருக்கிறது, சாலியரிசியும் பாலும் இருக்கின்றன. மாதரியின் மகள் ஐயை வைக்கோலைக் கொளுத்தி அடுப்பு மூட்டித் தருகிறாள். புகாரின் பெருவணிகன் மாநாய்கன் மகள் கண்ணகி அரிவாள்மணையில் காய் நறுக்குகிறாள். மெல்லிய விரல்கள் சிவக்கின்றன. திருமுகம் வியர்க்கிறது. கண்கள் சிவந்து அடுப்பை விட்டுத் திரும்புகின்றன. விரல், முகம், கண். எத்தனை நுட்பமான பார்வை! மனைவியின் உழைப்பைப் புகழ்ந்து தள்ளிவிட்டு நகர்வது எளிது. இளங்கோவோ அந்த உழைப்பு அவள் உடம்பில் எங்கெங்கே பட்டது என்று பார்த்துச் சொல்கிறார்.

கணவன் கோவலன் உட்காரப் பனையோலைத் தடுக்கு ஒன்று போடுகிறார்கள். அது ஒரு தடுக்கு, அவ்வளவுதானே? இளங்கோவுக்கு அப்படி விட மனமில்லை. கைத்திறன் வாய்ந்த ஒரு பெண் அழகுறப் பின்னியது என்கிறார். பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் விரல்களையும் காவியத்துக்குள் கூட்டிவந்துவிட்டார். நான் திரும்பத் திரும்ப நின்றுபோகும் இடம் இது.

அடுத்து, கணவனின் காலைக் கழுவி, தரையில் நீர் தெளித்துத் தன் கையால் தடவுகிறாள் கண்ணகி. மயங்கிக் கிடக்கும் நிலமகளின் மயக்கத்தைத் தெளிவிப்பதுபோல, என்பது உவமை. வரப்போகும் கொலை தெரிந்து பூமி முன்பே மயங்கிவிட்டதோ என்னவோ. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் முகத்தில் நீர் தெளிக்கிற பரிவு அந்தக் கையில் இருக்கிறது. ஈரம் காயுமுன் இளவாழையின் குருத்தை விரித்துச் சோறு படைக்கிறாள். உண்டு முடித்ததும் வெற்றிலை பாக்கு தருகிறாள்.

அப்போதுதான் கோவலன் வாய் திறக்கிறான். கிளம்பச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கிளம்பி வந்தாளே என்று உருகுகிறான். அவள் பதிலைக் கவனியுங்கள். அவன் தன்னை விட்டு நாடிப்போன மாதவியின் பெயர் அதில் இல்லை, படுக்கையின் தனிமை இல்லை. அறவோர்க்குக் கொடுப்பதும் துறவிகளையும் விருந்தினரையும் எதிர்கொள்வதும் தனக்கு இல்லாமல் போயிற்று என்கிறாள். தாலி கழுத்தில் இருந்தும், இல்லத்தலைவி என்ற இடம் கையை விட்டுப் போன வலி அது. மாமன் மாமிக்கு முன்னால் பொய்யாகச் சிரித்து நின்றதையும் சொல்கிறாள். பிறகு, சான்றோர் மெச்சாத நடத்தை உங்களுடையது என்று ஒரே வரியில் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு, மாறாத மனம் என்னுடையது, அதனால் வந்தேன் என்று முடிக்கிறாள். பணிவிடையின் மென்மையான மடிப்புகளுக்குள் இப்படி ஒரு கூரிய ஊசி! உங்களை மணந்தவள் என்பதால் வந்தேன் என்று அவள் சொல்லவில்லை. தன் மனத்தைக் காரணம் காட்டுகிறாள்.

இங்கே இன்னொரு மனைவி நினைவுக்கு வருகிறாள். செனகல் எழுத்தாளர் மரியாமா பா 1979இல் வெளியிட்ட கடித நாவலில் ரமத்துலாயி என்ற மனைவி வருகிறாள். மகளின் தோழியையே கணவன் இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொள்கிறான். அவன் இறந்தபின், துக்கம் காக்கும் நாள்களில், தன் தோழிக்கு எழுதும் கடிதமாகத்தான் அவள் மனம் திறக்கிறது. எனக்கு அந்த நாவல் மிகப் பிடிக்கும். ஆனால் ரமத்துலாயிக்குக் கிடைக்காத ஒன்று கண்ணகிக்குக் கிடைத்தது: கேட்க வேண்டியவன் உயிரோடு எதிரே இருந்தான். வெற்றிலை மடிக்கிற நேரம்தான் கிடைத்தது, அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கோவலன் ஒற்றைச் சிலம்பை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். அன்று கண்ணகி சாப்பிட்டாளா என்று இளங்கோ எழுதவில்லை.