பாட்டு வீடியோவின் பின்வரிசை

சினிமாப் பாட்டு என்பது காதால் கேட்கும் வஸ்துவாக இருந்த காலம் போய், கண்ணால் காணும் வஸ்துவாக ஆகிவிட்டது. சிரம்பான், பஹாவ், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் இன்று ஒரு புதுப் பாட்டைப்பற்றிப் பேசுகிறவர்கள் "கேட்டாயா?" என்று கேட்பதில்லை, "பார்த்தாயா?" என்றே கேட்கிறார்கள். 'மாரி 2' (2018) என்னும் படத்தின் 'ரௌடி பேபி' வீடியோ, 2020 நவம்பரில் யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தாண்டியது. இவ்வளவு ஜனங்கள் திரும்பத் திரும்பக் காணும் ஒன்றைக் கூத்தாடிகள் விஷயம் என்று நம் பண்டிதர்கள் ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனமாகாது. மேலோன் யார், கீழோன் யார் என்று ஜனங்களுக்குப் போதிக்கும் வேலையை முன்னே புராணப் பிரசங்கம் செய்துவந்தது. இன்று அவ்வேலையைச் செய்வது இந்த நாலு நிமிஷப் படமேயாகும்.

இதற்கென்று சில சம்பிரதாயங்கள் உண்டு. கதாநாயகன் வரும்போது முதலில் காலணி, பிறகு கை, பிறகு கறுப்புக் கண்ணாடி, கடைசியாக முகம். கோயிலில் திரை விலக்கித் தரிசனம் காட்டுவது போலத்தான். காதல் பாட்டாயின் பனிமலைக்குப் போவார்கள். அங்கே ஆணுக்குக் கம்பளிக் கோட்டு. பெண்ணுக்கோ காற்றில் பறக்கும் மெல்லிய சேலை. குளிர் பெண்ணை மட்டும் தொடாது போலும்! ஆண் எந்த நிறத்தவனாகவும் இருக்கலாம். பெண் வெளுத்திருந்தே தீரவேண்டும். இவற்றைப்பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவாக எழுதப்படாத ஒன்றைப்பற்றியே நாம் இங்கே சொல்ல விரும்புகிறோம். அது பின்வரிசையைப் பற்றியது.

எந்தப் பாட்டிலும் முன்னே ஒருவர் அல்லது இருவர். பின்னே இருபது பேர், ஐம்பது பேர். எல்லாருக்கும் ஒரே உடை, ஒரே அசைவு. அவர்களில் ஒருவர் முகத்திலும் காமிரா இரண்டு விநாடி நிற்பதில்லை. 1948-ல் ஜெமினி வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை இன்றும் வியந்து பேசுகிறோம். அம்முரசுகளின்மேல் ஆடிய பெண்கள் யார் யார் என்று கேட்டால் பதில் சொல்வார் இல்லை. பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தோரும் உண்டு என்பார்கள், உண்மைதான். 1988-ல் 'அக்னி நட்சத்திரம்' பாட்டொன்றில் கூட்டத்தோடு ஆடிய பிரபுதேவா, 1993-ல் 'ஜென்டில்மேன்' படத்தில் முன்னே நின்று ஆடி நாடறிந்தவரானார். ஒருவர் வரிசை தாண்டி வந்ததால் வரிசை கலைந்துவிடவில்லை. அவருக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் நிறுத்தப்பட்டது, அவ்வளவே. தோட்டத்துச் செக்ரோலில் அரைநாள் வேலை செய்தவருக்கும் பெயர் உண்டு, எண் உண்டு. வெள்ளைக்காரன் இதை அன்பினால் ஏற்படுத்தவில்லை, கணக்குக்காகவே ஏற்படுத்தினான். எனினும் பெயர் இருக்கிறது. கலையென்று சொல்லப்படும் இடத்தில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

நிற்க. ஆட்களைப் பின்னே நிறுத்துவது ஒரு வகை என்றால், ஆட்களே இல்லாமல் செய்துவிடுவது மற்றொரு வகை. ஊட்டியிலும் மூணாற்றிலும் தேயிலைச் சரிவுகளினூடே காதலர் ஓடும் பாட்டுகள் எத்தனை எத்தனை! பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது என்று நாமும் மகிழ்கிறோம். தேயிலை இயற்கையில் மரமாக வளரக்கூடியது. அதை இடுப்பளவு உயரத்தில் நிறுத்தி வைப்பது கவ்வாத்துக் கத்தியும் கொழுந்து பறிக்கும் விரல்களுமேயாகும். ஆகவே அந்தக் கம்பளம் இயற்கையன்று, கூலியாட்களின் கைவேலை. அவ்வாறிருந்தும் பாட்டு நடக்கும் நாலு நிமிஷமும் கொழுந்துக்காரிகள் எங்கோ அனுப்பப்பட்டு விடுகிறார்கள். அல்லது கூடையோடு நின்று காதலரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் பால்மரக் காட்டுக்கோ இந்த வேஷமும் கிட்டவில்லை. இருட்டும் கொசுவும் உள்ள இடத்தில் கதாநாயகியின் நிறம் எடுக்காதல்லவா! இச்சம்பிரதாயத்தை முறித்த படமென்று பாலாவின் 'பரதேசி'யைச் (2013) சொல்லவேண்டும். அதில் 'செங்காடே' என்னும் பாட்டில் ஜனங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து போகிறார்கள். ஆட்டமில்லை, வெறும் நடை. அதைப் பார்த்தபின் மற்றப் பாட்டுகளின் பச்சை கண்ணை உறுத்தத்தான் செய்கிறது.

2016-ல் வந்த 'கபாலி'யை மலாய் நாட்டுத் தமிழர்கள் தம் சொந்தப் படமாகவே கொண்டாடினார்கள். தோட்டத் தொழிலாளர்களிடையே தோன்றிய ஒருவனைக் கதாநாயகனாக வைத்த பா. ரஞ்சித்தின் நோக்கம் நல்லதே. அக்கோட்டும் சும்மா அணிந்த கோட்டன்று. அது அம்பேத்கரின் கோட்டு என்பதைப் படத்திலேயே பேசுகிறார்கள். ஆனால் 'நெருப்புடா' பாட்டு படத்தினின்றும் பிரிந்து கைத்தொலைபேசியில் தனியே சுற்றும்போது கோட்டின் பொருள் கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது மெல்ல நடக்கும் நடையும் கண்ணாடியும் மாத்திரமே. நம் இளைஞர் தனியாக எடுக்கும் வீடியோக்களில் பலவும் பற்றிக்கொண்டது அந்த நடையைத்தான். கூலி கேட்ட கதையை அல்ல.

இவ்வளவையும் தலைகீழாக்க வந்தது 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்ஜாய் எஞ்சாமி'. எழுதியவர் அறிவு, பாடியவர்கள் தீயும் அறிவும், இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் நிலமில்லாதவராய்த் தமிழ்நாடு திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அப்பாட்டைக் கண்டெடுத்தார். அப்பாட்டியும் வீடியோவில் தோன்றுகிறார். அமித் கிருஷ்ணன் இயக்கிய அப்படத்தில் கிழவர் கிழவிகள் பின்திரையாக இல்லை. பாட்டின் பொருளே அவர்கள்தாம். நம் தோட்டங்களில் அதைப் பார்த்துக் கண் கலங்கிய முதியோர் பலர்.

பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. அறிவின் படம் இல்லை. ரஞ்சித் முதலியோர் கண்டித்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அவர் தம் மனக்குறையைப் பகிரங்கமாக எழுதினார். தாங்கள் அவரை ஒருநாளும் மறைத்ததில்லையெனத் தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் கூறினார்கள். அப்பாட்டினால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணனே சொன்னார். யார் பேரில் குற்றம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. வீடியோவுக்குள் பின்வரிசையை முன்னே கொண்டுவந்தவர், வீடியோவுக்கு வெளியே பின்வரிசைக்குத் தள்ளப்பட்டதாக உணர நேர்ந்தது. சம்பிரதாயத்தின் பலம் எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

இது சென்னைக்காரர் சண்டையென்று விட்டுவிடலாகாது. நம் தோட்டத்து மண்டபங்களில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிள்ளைகளை ஆடவைக்கிறார்கள். ஆட்டம் பழக்குவது இவ்வீடியோக்களைப் பார்த்தே. பத்துப் பெண் குழந்தைகளிருந்தால் சிவந்த குழந்தை நடுவில் முன்னே. கறுத்தவள், எவ்வளவு நன்றாக ஆடினாலும், பின்னே ஓரத்தில். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆறு வயதுக் குழந்தை தானே புரிந்துகொண்டு போய் ஓரத்தில் நின்றுகொள்கிறது. சரணத்துக்குச் சரணம் வரிசை மாறி, எல்லாக் குழந்தைகளும் ஒருமுறை முன்னே வரும்படி ஆட்டத்தை அமைக்க அரைமணி நேரப் பழக்கம் போதும். அப்படிச் செய்யலாமே என்று சொன்னால், "வீடியோவில் அப்படி இல்லையே" என்கிறார்கள்.