சும்மா ஆளுங்க

‘பொன்னியின் செல்வன்’ படங்கள் வந்துபோனதிலிருந்து ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஜப்பான்காரன் தன் வரலாற்றை வீடியோ கேமாக்கி உலகத்துக்கே விற்கிறான். நாம் சோழனை வைத்து ஏன் செய்யக் கூடாது? அப்படிப் பேசுகிறவர்கள் முன்மாதிரியாகக் காட்டுவது ‘சாமுராய் வாரியர்ஸ்’ (2004), ‘செங்கோகு பசாரா’ (2005) வகையறாவை. ஒரே வீரன், எதிரே ஆயிரம் பேர், வெட்டிச் சாய்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

இவற்றுக்கு ஆதரவாகச் சொல்வதில் பொய்யில்லை. பசாராவில் தாதே மசாமுனே என்னும் போர்த்தலைவன் விரலிடுக்குகளில் ஆறு வாள் பிடித்து, மோட்டார் சைக்கிள் கைப்பிடி வைத்த குதிரையில் வருகிறான். அந்தக் கோலத்தில் மயங்கி வரலாற்று நூல் தேடியவர்களும் கோட்டை பார்க்கக் கிளம்பிய இளம்பெண்களும் அங்கே உண்டு. 2009இல் மியாகி மாகாண ஆளுநர் தேர்தலுக்கு, ஓட்டுப் போட வாருங்கள் என்று அழைக்க அவன் படத்தையே பயன்படுத்தினார்கள். குடவோலைக் கல்வெட்டு உள்ள உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு அதை நான் கேலி செய்ய முடியாது. குதிரைக்குக் கைப்பிடி வைத்ததும் என் குறையல்ல. நம் கூத்தில் துரியோதனன் கட்டியங்காரனோடு நம்மூர்ப் பேச்சில்தான் மல்லுக்கட்டுகிறான்.

என் குறை, விழுகிறவனைப் பற்றியது.

கோடை விடுமுறையில் அக்கா மகன் இந்த வகை ஆட்டம் ஒன்றை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வீச்சில் பத்துப் பதினைந்து பேர் பறக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே முகம். தரையில் விழுந்த கொஞ்ச நேரத்தில் உடல் மறைந்துபோகிறது; திரை ஓரத்தில் எண் மட்டும் ஏறுகிறது. “மாமா, ஆயிரம்!” என்றான். “யாருடா அவங்கள்லாம்?” என்றேன். “சும்மா ஆளுங்க மாமா.”

சும்மா ஆட்களா? 1575இல் நாகாஷினோ போரில் டகேடா குலத்தின் குதிரைப்படையை மரவேலிக்குப் பின்னால் நின்று சுட்டு வீழ்த்தியவர்கள் அஷிகாரு என்னும் காலாட்கள். காகா நாட்டில் 1488இல் ஆட்சியாளனைக் கவிழ்த்து, சுமார் 90 ஆண்டு தங்கள் கையிலேயே நாட்டை வைத்திருந்தவர்களில் குடியானவர்களும் உண்டு. இந்த ஆட்டங்களில் நாயகனாக வரும் ஹிதேயோஷியே எளிய குடியில் பிறந்தவன். அவனே 1588இல் உழவர்களின் வாள்களைப் பறித்து, தான் ஏறிவந்த ஏணியை எடுத்துவிட்டான். இந்த ஆட்டங்கள் காட்டும் அந்தப் போர்க் காலத்தின் உயிரான கதை இது. பசாராவில் உழவர் கிளர்ச்சி நடத்தும் இட்சுகி என்ற சிறுமி இருக்கிறாளே என்பார்கள். பெயர் கிடைத்ததும் அவளும் சம்மட்டியைத் தூக்கி, பெயரில்லாதவர்களைத்தான் அடிக்கிறாள்.

எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில் படுகளத்தைப் பாருங்கள். மைதானத்தில் துரியோதனன் மண்ணுருவமாக மல்லாந்து கிடக்கிறான். இரவெல்லாம் கூத்து பார்த்த ஊர் தூக்கக் கண்ணோடு சுற்றி நிற்கிறது. பீமன் தொடையில் அடிக்கிறான், சிவப்பு நீர் கசிகிறது, உடனே ஒப்பாரி எழுகிறது. நாள் கணக்கில் பாரதம் கேட்டு, கெட்டவன் என்று தெரிந்தே காத்திருந்த கூட்டம், அவன் விழுந்ததும் அழுகைக்கு இடம் விடுகிறது. ஒரு சாவுக்கு ஒரு திருவிழா. அந்த ஆட்டத்தில் ஆயிரம் சாவுக்கு ஓர் எண்.

“அது விளையாட்டு சார், இவ்வளவு யோசிப்பதா?” என்கிறார்கள். விளையாட்டு என்பதால்தான் யோசிக்கிறேன். கூத்தில் பிள்ளை பார்க்கிறான். இங்கே அவன் விரல்தான் வெட்டுகிறது. வெட்டுவது மட்டுமே தெரிந்த ஒன்றுக்கு வரலாறு என்று பெயர் சூட்டுவது நெல்லைக் காட்டி உமியை விற்கிற வியாபாரம்.

சோழன் கேம் வந்தால் எதிரே நிற்கப்போகிறவன் யார்? கன்னடத்துக்காரன், இலங்கைக்காரன், கடாரத்துக்காரன். அவர்களுக்கும் ஒரே முகத்தை ஒட்டி, ஆயிரத்தை எண்ணச் சொல்லி அக்கா மகன் கையில் கொடுக்கத்தான் இத்தனை அவசரமா?