துப்பறியும் கதையும் அனேகாந்தமும்

"இந்த வயசில் கொலைக் கதையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிக்கிற சமணக் குடும்பம் எங்களுடையது. எறும்பு மிதிபடாமல் நடக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தோம். அந்த வீட்டுப் பெரியவர் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து, விஷம் வைத்தது யார் என்று பக்கம் புரட்டிக்கொண்டிருந்தால் பேரப்பிள்ளைகளுக்குச் சிரிப்பு வராதா?

நம் அறநூல்கள் ஹிம்சையை மூன்று வழியாகச் சொல்லும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு மனத்தால் உடன்படுதல். கொலைக் கதையை ரசிப்பது மூன்றாவதில் சேருமா, சேராதா? இந்தக் கேள்வியோடுதான் சென்ற ஒரு வருஷமாகப் படித்தவற்றை எடைபோட்டுப் பார்த்தேன். நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்ல, கடைக்காரன். தராசு பிடித்த கைக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். பிழை இருந்தால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் அகதா கிறிஸ்டி எழுதி 1942-இல் வெளிவந்த 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. ஓர் ஓவியர் விஷத்தால் இறக்கிறார். மனைவியே குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்க்கிறது. அந்த அம்மாள் சிறையிலேயே இறந்துபோகிறாள். பதினாறு வருஷம் கழித்து மகள் வந்து, தன் தாய் கொன்றாளா இல்லையா என்று கண்டு சொல்லும்படி பொய்ரோவைக் கேட்கிறாள். கல்யாணம் நிச்சயமான பெண். விடை தெரியாமல் அவளால் வாழ்க்கை தொடங்க முடியவில்லை. பொய்ரோவுக்குப் பார்க்கப் பிணம் இல்லை, கைரேகை இல்லை. அன்று அந்த வீட்டில் இருந்த ஐந்து பேரையும் நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்கிறார். பங்குத் தரகர் ஒருவர், மூலிகைச் சாறு இறக்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த அவருடைய அண்ணன், ஓவியத்துக்கு உட்கார்ந்த இளம்பெண், வீட்டு ஆசிரியை, இறந்த அம்மாளின் தங்கை. நடந்தது ஒன்று, கதை ஐந்து. தங்கை ஒருத்தி மட்டும்தான் அக்காள் செய்திருக்க மாட்டாள் என்கிறாள்.

இதைப் படிக்கும்போது எனக்கு அனேகாந்தவாதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பொருளுக்குத் தன்மைகள் பல. ஒரு பக்கம் நின்று பார்த்தவன் தான் கண்டதே முழுசு என்று அடித்துப் பேசக்கூடாது. யானையைத் தடவிய குருடர் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோமே, அதேதான். பொய்ரோ ஐந்து பேரில் ஒருவரையும் தள்ளிவிடவில்லை. ஒவ்வொருவர் கண்டதிலும் உண்மை எவ்வளவு, கண்டதற்கு அவர்களாகக் கொடுத்த அர்த்தம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறார். முடிவை நான் சொல்லப் போவதில்லை, படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன். இந்த நாவலில் செத்தவர் மேல் இருக்கிற அக்கறைக்குக் குறையாமல், தீர்ப்புக்குப் பலியானவள் மேலும் அக்கறை இருக்கிறது. கிறிஸ்டியின் வேறு சில நாவல்களில் பாத்திரங்கள் சதுரங்கக் காய்போல நகர்வார்கள்; செத்தவருக்காக அழ ஆள் இருக்காது. இது அப்படி இல்லை.

அடுத்தது ஷெர்லாக் ஹோம்ஸ். எல்லோரும் அவர் ஜெயித்த கதைகளைப் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அவர் தோற்ற கதை, 1893-இல் கானன் டாயில் எழுதிய 'தி யெல்லோ ஃபேஸ்'. கேட்டு வருபவர் நம்மைப் போல ஒரு வியாபாரி. தன் மனைவி எதையோ மறைக்கிறாள், பக்கத்து வீட்டு ஜன்னலில் விகாரமான மஞ்சள் முகம் ஒன்று தெரிகிறது என்கிறார். ஹோம்ஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே முடிவு கட்டிவிடுகிறார்: செத்ததாகச் சொன்ன முதல் கணவன் சாகவில்லை, அவன்தான் மிரட்டுகிறான் என்று. போய்ப் பார்த்தால் அந்த முகம் ஒரு முகமூடி. உள்ளே இருப்பது அந்த அம்மாளின் முதல் திருமணத்துக் குழந்தை. தகப்பன் கறுப்பினத்தவர் என்பதால் மறைத்து வைத்திருக்கிறாள். வியாபாரி அந்தக் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறார். ஹோம்ஸ் என்ன செய்தார்? இனிமேல் எனக்கு மிஞ்சிய நம்பிக்கை வந்தால் அந்த ஊர்ப் பெயரான 'நார்பரி' என்பதை என் காதில் சொல் என்று வாட்சனைக் கேட்டுக்கொள்கிறார். அறிவாளி தன் பிசகைத் தானே குறித்துவைத்துக்கொள்வது பெரிய காரியம் ஐயா.

மூன்றாவது, நாம் குடியிருக்கிற இந்தக் கல்கத்தா ஊரின் பிள்ளை, பியோம்கேஷ் பக்ஷி. சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் தொடங்கி எழுதிய கதைகள். தூர்தர்ஷனில் 1993-இல் பாசு சட்டர்ஜி எடுத்த தொடரை நம்மில் பலர் குடும்பத்தோடு பார்த்திருப்போம். நான் கடைக் கணக்குக்காகக் கற்ற வங்காளியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். டிடெக்டிவ் என்ற பெயரே அவருக்குப் பிடிக்காது. வாசல் பலகையில் 'சத்யான்வேஷி' என்று போட்டிருப்பார், அதாவது சத்தியத்தைத் தேடுகிறவன். அவர் வீடு இருப்பதாகச் சொல்லும் ஹாரிசன் ரோடு, இன்றைய மகாத்மா காந்தி ரோடு, நாம் சரக்குக்கு நடக்கிற தெரு. ஒரு குறை சொல்ல வேண்டும். சில கதைகளில் குற்றவாளியைத் தாமே மன்னித்து விட்டுவிடுகிறார். தேடுகிறவரே தீர்ப்பும் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

நம் தமிழ்க் கதைகளை விட்டுவிடவில்லை. ஊருக்குப் போக ரயில் ஏறும்போது ரெண்டு மாத நாவல் வாங்காத தமிழன் உண்டா? வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிலவற்றில் கடைசி அத்தியாயம் வரை பெயரே வராத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன்தான் கொலையாளி என்பார்கள். அது சரக்கைக் காட்டாமல் விலை பேசுவது. ரத்தத்தைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கிற கதைகளோ, நான் முதலில் சொன்ன 'உடன்படுதல்' வகையில் சேர்ந்துவிடும். அவற்றை மூடி வைத்துவிட்டேன். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' வேறு ஜாதி. நடப்பது ஒன்றே, கணேஷ் விஞ்ஞானத்தால் விளக்கப் பார்க்கிறார், வசந்த் அமானுஷ்யம் என்கிறான். படித்து முடித்த பிறகும் நமக்குள் ரெண்டு பேரும் வாதாடுகிறார்கள்.

இத்தனையும் படித்தபின் திரும்பவும் சிலப்பதிகாரத்தை எடுத்தேன். அதுவும் ஒரு வழக்குக் கதைதானே! கோவலனைப் பார்த்த காவலர்களே இவன் கள்வன்போல் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் விடவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களின் எட்டுத் துணைகளையும் அடுக்குகிறான். பேச்சு ஜெயித்தது, வாள் விழுந்தது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? அந்தக் கொஞ்ச நேரம் பாண்டியன் பொறுக்கவில்லை, மதுரை எரிந்தது. அவசரத் தீர்ப்பும் ஹிம்சைதான் என்று இதைவிடத் தெளிவாக எந்த நாவல் சொல்கிறது?

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானும் ஒரு காலத்தில் பாண்டியனாக இருந்தவன். பல வருஷம் முன்பு, கல்லாவில் நாலாயிரம் ரூபாய் குறைந்தது. கடைப் பையன் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். அதுதான் எனக்குக் கிடைத்த சாட்சி! நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாததைக் கேட்டு அனுப்பிவிட்டேன். ஆறு மாசம் கழித்து, பழைய பேரேட்டு அட்டைக்குள் ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. வண்டிக் கூலிக்கு நானே கொடுத்த பணம், என் கையெழுத்து. பையனைத் தேடி ஆள் அனுப்பினேன். இடம் மாறிப் போய்விட்டான் என்றார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. பரியூஷண நாட்களில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கும்போது அந்த முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ஆகவே, வீட்டில் பிள்ளைகள் துப்பறியும் கதை படித்தால் தடுக்காதீர்கள். யார் கொன்றது என்று மட்டும் கேட்காமல், கொல்லாதவன்மேல் பழி ஏன் விழுந்தது என்றும் கேட்கப் பழக்குங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. போன மாசம் ஒரு மூட்டை எடை குறைந்ததென்று நான் குரலை உயர்த்தினேன். என் மகன் தலை நிமிராமல், "அப்பா, நார்பரி" என்றான். தராசை மறுபடி சரிபார்த்தோம்.