இரட்டை வரவு

எம்.எஸ். பாடி 1963-ல் ஹெச்.எம்.வி. வெளியிட்ட வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யின் அழகே அதன் நிதானம்தான். ராதா விஸ்வநாதனின் குரல் கூடவே நிழலாக வரும். ஐயம்பேட்டையில் ஒரு வீட்டில் கேட்டபோது, அது தறிச் சத்தத்தையே அமுக்கிக்கொண்டு கூம்பு ஸ்பீக்கர் மாதிரி கரகரத்தது. ‘ரெக்கார்டு தேஞ்சு போச்சு சார், எடைக்குப் போட்டுடலாம்’ என்றார்கள்.

போட்டுவிடாதீர்கள். குற்றம் பெரும்பாலும் ரெக்கார்டில் இருக்காது.

சாதாரண கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு பெருக்கினால் போதும். புது டர்ன்டேபிள்கள் பலவற்றில் அந்தப் பெருக்கி உள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து வரும் ஒயரை ஆம்ப்ளிஃபையரின் ‘ஃபோனோ’வில் சொருகினால் மறுபடி நூறு மடங்கு! பி.காம். பாஷையில், ஒரே வரவைப் பேரேட்டில் இரண்டு தடவை ஏற்றுவது. வால்யூமைக் குறைத்தால் சத்தம்தான் குறையும். சிதைந்த குரல் சேராது. ஒயரை ‘ஆக்ஸ்’க்கு மாற்றுங்கள்.

அப்புறமும் குமிழைத் தொட்டாலே அலறுகிறதா? தனிப் பெருக்கி என்றால் அதன் ‘கெயின்’ அளவைக் குறையுங்கள். குமிழின் அடிமட்டத்தில் இடது, வலது ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் சமமாக ஒலிப்பதில்லை. அது பாதி தூரமாவது திரும்பட்டும்.

நிழல் குரல் கேட்கிறதா? ரெக்கார்டுக்கு மார்க் போடுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.